செல்லுக்குள் ஓர் இறால் விளக்கு

ஆழ்கடலில் ஒளி கக்கும் இறால், முந்திரிக்கொட்டையின் ஓடு, சமையலறை மஞ்சள். இவற்றுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? ஜீன்களைக் காவல் காக்கும் புரோட்டீன்களை உயிருள்ள செல்லுக்குள்ளேயே வேவு பார்க்க ரசாயனக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் எல்லாக் கருவிகளும் நம்பத்தக்கவை அல்ல.

1880களின் கடைசி. பிரிட்டிஷ் இந்திய அரசின் சர்வே கப்பலான 'இன்வெஸ்டிகேட்டர்' வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் ஆழம் அளந்துகொண்டிருந்தது. கப்பலின் பிரதான வேலை வரைபடம் தயாரிப்பது. ஆனால் 1888ல் கப்பலின் டாக்டராகச் சேர்ந்த ஆல்ஃபிரட் அல்காக்கின் மனம் முழுவதும் வலையில்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான பாகம் ஆழத்துக்கு இறக்கிய வலையை மேலே இழுத்தால், சூரியனையே பார்த்திராத ஜந்துக்கள் வந்து விழும். அவற்றில் சில இறால்கள், சீண்டினால் நீல நிற ஒளியை வாயருகிலிருந்து பீய்ச்சின. துரத்தி வரும் எதிரியின் கண்ணில் வெளிச்சத்தைத் தூவிவிட்டு இருட்டில் நழுவுவது அவற்றின் தந்திரம். 1902ல் வெளியான தன் புத்தகத்தில் அல்காக் இந்த ஒளிரும் ஆழ்கடல் உயிர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அந்த வெளிச்சத்தால் மனிதனுக்கு ஏதாவது பயன் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இன்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில், உயிருள்ள புற்றுநோய் செல் ஒன்றுக்குள் இரண்டு புரோட்டீன்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா, விலகிவிட்டனவா என்று கண்டுபிடிக்க உதவுவது இப்படிப்பட்ட ஓர் இறாலின் ஒளிதான். ஓப்லோபோரஸ் கிராசிலிரோஸ்ட்ரிஸ் என்று பெயர். இந்துமகா சமுத்திரம் உள்ளிட்ட வெப்பக் கடல்களின் ஆழத்தில் வாழ்வது. அதன் ஒளி உமிழும் என்சைமை 1970களில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஒசாமு ஷிமோமுரா. ஜெல்லி மீனின் பச்சை ஒளிப் புரோட்டீனுக்காக 2008ல் நோபல் பரிசு பெற்ற அதே ஜப்பானியர். அமெரிக்காவின் மாடிசன் நகரில் உள்ள ப்ரொமெகா கம்பெனி அந்த என்சைமைச் செதுக்கிச் சின்னதாக்கி 2012ல் 'நானோலக்' என்ற பெயரில் வெளியிட்டது. மின்மினியின் ஒளி என்சைமைவிட இது சுமார் 150 மடங்கு பிரகாசமானது. கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து ஆழ்கடல் வெளிச்சம் குப்பியில் அடைத்து விற்கப்படுகிறது என்பது ஒரு வேடிக்கை.

இந்த விளக்கை ஏற்றி எதைத் தேடுகிறார்கள்?

இரண்டு மீட்டர் நூல்

ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டி வைத்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும். அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் திணித்தாக வேண்டும். அதற்காக ஹிஸ்டோன் என்ற புரோட்டீன்கள் எட்டு எட்டாகச் சேர்ந்து உருளைகளாக நிற்க, டிஎன்ஏ அவற்றின் மீது நூற்கண்டுபோல் சுற்றிக்கொள்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தில் உள்ள ஜீனைப் படிக்க முடியாது. தளர்ந்த இடத்தில் படிக்கலாம். கண் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் ஒரே ஜீன்கள் இருந்தும் கண் கண்ணாகவும் கல்லீரல் கல்லீரலாகவும் இருப்பதற்கு இந்த இறுக்கமும் தளர்ச்சியும் ஒரு முக்கியக் காரணம். ஜீனின் எழுத்தை மாற்றாமல், அது படிக்கப்படுவதை மட்டும் மாற்றும் இந்த ஏற்பாட்டை ஆராய்வதுதான் எபிஜெனடிக்ஸ்.

தளர்த்தும் வழிகளில் ஒன்று, ஹிஸ்டோனின் வாலில் அசிட்டைல் என்ற சிறு ரசாயனக் குழுவை ஒட்டுவது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964லேயே இதை ஊகித்தார். ஆனால் ஒட்டுவது யார் என்று தெரிய 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1996ல் டேவிட் ஆலிஸ் குழுவினர் குளத்து நீரில் வாழும் ஒற்றை செல் பிராணியிலிருந்து அந்த என்சைமைப் பிடித்தார்கள். இப்போது மூன்று வகை ஆட்கள் இருப்பது தெரியும். அசிட்டைலை ஒட்டுகிறவர்கள், பிய்த்தெடுப்பவர்கள், ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு மேற்கொண்டு வேலையைத் தொடங்குபவர்கள். ஒட்டுவதில் பெரிய புள்ளி பி300 என்ற புரோட்டீன். படிப்பதில் பிஆர்டி4.

இந்தப் புரோட்டீன்கள் எதுவும் தனியாக வேலை செய்வதில்லை. கூட்டமாகத்தான் திரிகின்றன. ஒன்றின் தோளில் இன்னொன்று, அதன் தோளில் மற்றொன்று. செல்லை உடைத்து, சாறு எடுத்து, சோதனைக் குழாயில் பார்த்தால் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். திருவிழாவில் யார் யாருடன் வந்தார்கள் என்பதை மறுநாள் காலை காலி மைதானத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது மாதிரி.

குமாஸ்தாவுக்கு ஒரு நாள் லீவு

ஒரு அரசு ஆபீஸில் ஒரு குமாஸ்தா என்னதான் செய்கிறார் என்று தெரிய வேண்டும். அவரை வேலையிலிருந்தே நீக்கிவிட்டு ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அதற்குள் அவர் வேலையைப் பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பழகியிருப்பார். ஆபீஸ் மொத்தமே மாறியிருக்கும். ஜீனை நீக்கிப் பார்க்கும் முறையில் உள்ள சங்கடம் இதுதான். அதைவிட, அவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு எந்த ஃபைல் நகரவில்லை என்று பார்ப்பது புத்திசாலித்தனம். ரசாயனக் கருவி என்பது அந்த ஒரு நாள் லீவு. ஒரு சின்ன மூலக்கூறு செல்லுக்குள் நுழைந்து, குறிப்பிட்ட புரோட்டீனின் கையை மட்டும் சில மணி நேரம் கட்டிப்போடும். கழுவிவிட்டால் பழையபடி.

இதே மூலக்கூறைத் தூண்டில் இரையாகவும் பயன்படுத்தலாம். அசிட்டைலைப் பிய்த்தெடுக்கும் என்சைம் பிடிபட்டது அப்படித்தான். பூஞ்சையிலிருந்து கிடைத்த ட்ராபாக்ஸின் என்ற பொருள் அந்த வேலையை முடக்குகிறது என்று ஜப்பானில் மினோரு யோஷிதா குழுவினர் கண்டிருந்தார்கள். முடக்கப்படுவது யார் என்பது மட்டும் தெரியவில்லை. ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் 1996ல் அந்த மூலக்கூறைச் செயற்கையாகத் தயாரித்து நுண்மணிகளில் கோத்து, செல் சாற்றில் இறக்கினார். கவ்விக்கொண்டு வந்த மீன்தான் முதன்முதலில் இனம் காணப்பட்ட மனித ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ். பத்தே ஆண்டுகளில், 2006 அக்டோபரில், இந்த என்சைம்களை அடக்கும் வொரினோஸ்டாட் என்ற மருந்து ஒருவகைத் தோல் லிம்ஃபோமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது.

ஆனால் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது 2010ல் வந்த ஜேக்யூ1. பாஸ்டனில் டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் ஜேம்ஸ் பிராட்னரும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள சகாக்களும் உருவாக்கியது. அதைத் தயாரித்த ரசாயன நிபுணர் ஜுன் சியின் பெயரெழுத்துகளே அதற்கு வைக்கப்பட்டன. அவர்கள் எடுத்துக்கொண்டது அபூர்வமான, மிகக் கொடூரமான ஒரு புற்றுநோய். அதில் பிஆர்டி4 புரோட்டீன், நட் என்ற இன்னொரு புரோட்டீனுடன் தவறுதலாக ஒட்டிப் பிறக்கிறது. ஒட்டுப்போட்ட இந்த ஜோடி ஹிஸ்டோனைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. ஜேக்யூ1 போய் அந்தப் பிடியைத் தளர்த்தியது. பரிசோதனைத் தட்டில் இருந்த புற்றுநோய் செல்கள், பெருகுவதை விட்டுவிட்டுச் சாதாரண தோல் செல்போல் மாறத் தொடங்கின.

பிடி தளர்ந்தது என்று எப்படித் தெரியும்? அவர்கள் செய்த சோதனை எளிமையானது, அழகானது. பிஆர்டி4உடன் பச்சை ஒளிப் புரோட்டீனைச் சேர்த்தார்கள். உட்கரு பச்சையாக ஒளிரும். லேசரால் ஓர் இடத்தை மட்டும் சுட்டு ஒளியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிஆர்டி4 ஹிஸ்டோனில் ஒட்டியிருந்தால், பக்கத்திலிருந்து புதியவை வந்து அந்த இருட்டை நிரப்ப நேரம் பிடிக்கும். ஜேக்யூ1 கொடுத்த செல்லில் இருட்டு சட்டென்று நிரம்பியது. பிடிப்பில்லாமல் அலைகின்றன என்று அர்த்தம்.

இறால் விளக்கு அடுத்த கட்டம். ஒரு புரோட்டீனில் நானோலக் விளக்கு. மற்றொன்றில் சிவப்புச் சாயம். இரண்டுக்கும் இடையே சுமார் பத்து நானோமீட்டருக்குள் இடைவெளி இருந்தால் மட்டுமே நீல ஒளியின் சக்தி சாயத்துக்குத் தாவி, செல் சிவப்பாக மினுங்கும். பத்து நானோமீட்டர் என்பது தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. 2015ல் வெளியிடப்பட்ட இந்த முறையில், செல் உயிரோடு இருக்கும்போதே பிஆர்டி4 ஹிஸ்டோனைப் பிடிப்பதையும், மருந்து கொடுத்ததும் விடுவதையும் அளக்க முடிகிறது.

பிராட்னர் குழு இன்னொன்றும் செய்தது. ஜேக்யூ1ன் அமைப்பை ரகசியமாக வைக்காமல் வெளியிட்டு, கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கு மூலக்கூறையும் அனுப்பிவைத்தது. கூடவே அதன் கண்ணாடிப் பிம்பமும் கிடைத்தது. அச்சில் இடதும் வலதும் மாறிய அந்த இரட்டைப் பிறவிக்குப் பிஆர்டி4ஐப் பிடிக்கும் சக்தி கிடையாது. ஜேக்யூ1 கொடுத்தால் மாற்றம், பிம்பத்தைக் கொடுத்தால் மாற்றமில்லை என்றால்தான், நடந்தது பிஆர்டி4ஆல் என்று ஒருவர் தைரியமாகச் சொல்ல முடியும். இந்தச் சின்ன ஜாக்கிரதையின் அருமை, இந்தியாவின் கதைக்கு வரும்போது புரியும்.

பண்ருட்டி ஓடும் பெங்களூர் ஆய்வும்

முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஓட்டின் எண்ணெய் தோலை என்ன செய்யும் என்று. பண்ருட்டியானாலும் கொல்லமானாலும் அந்தமானின் முந்திரித் தோப்புகளானாலும் அது ஒரே எண்ணெய்தான். அதன் முக்கியச் சரக்கு அனகார்டிக் அமிலம். பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆய்வு மையத்தில் தபஸ் குமார் குண்டுவின் குழு 2003ல் ஒரு விஷயத்தை அறிவித்தது: இந்த அமிலம், அசிட்டைல் ஒட்டும் பி300 என்சைமை அடக்குகிறது. அதே கட்டுரையில், அந்த அமிலத்தையே மூலப்பொருளாக வைத்துத் தயாரித்த சிடிபிபி என்ற மூலக்கூறு பி300ஐ நேர்மாறாக முடுக்கிவிடுகிறது என்றும் சொன்னார்கள். அடக்குவது சுலபம். எந்த என்சைமிலும் ஒரு கல்லைப் போட்டால் நிற்கும். முடுக்கிவிடும் மூலக்கூறு அபூர்வம்.

2004ல் அடுத்தடுத்து இரண்டு. கோகம் பழத்தோலின் கார்சினால், மஞ்சளின் குர்குமின். இரண்டும் பி300ஐ அடக்குவதாக அதே குழு எழுதியது. எபிஜெனடிக்ஸ் ஆராய்ச்சிக்கு இந்திய அடுப்படியிலிருந்தே கருவிப்பெட்டி கிடைத்துவிட்டது என்ற உற்சாகம் பிறந்ததில் ஆச்சரியமில்லை. கோகம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு. அதன் உறவு மரங்கள் அந்தமான் காடுகளிலும் உண்டு. முந்திரிக்கும் சேராங்கொட்டைக்கும் பங்காளியான, தீவுகளுக்கே உரிய மரமும் அங்கே இருக்கிறது. அந்தமான் கடலின் பஞ்சுயிரிகளையும் பவளங்களையும் மருந்துக்காகச் சலித்துப் பார்க்கும் வேலையை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிலான கடல் மருந்துத் திட்டம் பல ஆண்டுகளாகச் செய்திருக்கிறது. கடற்பஞ்சிலிருந்து எபிஜெனடிக் கருவி கிடைப்பது கற்பனையல்ல. 1987ல் பசிபிக் கடற்பஞ்சில் கண்டெடுத்த சம்மாப்ளின் ஏ, ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸை அடக்குவது 2003ல் தெரியவந்தது.

சிடிபிபிக்கு ஒரு குறை இருந்தது. அது செல்லின் சவ்வைத் தாண்டாது. சோதனைக் குழாயில் வீரன், செல்லின் வாசலில் கோழை. தீர்வு அதே வளாகத்தில் கிடைத்தது. எம். ஈஸ்வரமூர்த்தியின் ஆய்வுக்கூடத்தில் குளுகோஸிலிருந்து மிக நுண்ணிய கரி உருண்டைகள் தயாராகிக்கொண்டிருந்தன. சர்க்கரையைக் கருக்கிச் செய்த கரி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த உருண்டைகள் செல்லுக்குள் மட்டுமல்ல, உட்கருவுக்குள்ளும் போய்விடுகின்றன, தாமாகவே ஒளிரவும் செய்கின்றன. சிடிபிபியை அதன் முதுகில் ஏற்றி அனுப்பியபோது ஹிஸ்டோன்களில் அசிட்டைல் கூடியது. 2008ல் வெளியான இந்தக் கட்டுரையோடு, குழாயில் மட்டும் ஜொலித்த கருவி உயிருள்ள செல்லின் கருவியாயிற்று.

மஞ்சளில் ஒரு கரும்புள்ளி

சங்கடமான பகுதி இனிமேல். 2010ல் ஆஸ்திரேலியாவின் ஜொனாதன் பேயலும் சகாவும் ஒரு எச்சரிக்கை விடுத்தார்கள். சில மூலக்கூறுகள் எந்தச் சோதனையில் போட்டாலும் 'வேலை செய்கிறது' என்று காட்டும். காரணம், அவை ஒரு குறிப்பிட்ட புரோட்டீனைப் பிடிப்பதில்லை. கண்ட புரோட்டீனிலும் ஒட்டும், தாமே ஒளிர்ந்து கருவியின் கண்ணை ஏமாற்றும், சோப்பு மாதிரி திரண்டு என்சைமைச் சுருட்டிக்கொள்ளும். 2017 தொடக்கத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வால்டர்ஸும் காத்ரின் நெல்சனும் மற்றவர்களும் குர்குமினை எடுத்துக்கொண்டு இந்தக் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். அது ஒளிரும். புரோட்டீன்களோடு கண்டபடி வினைபுரியும். உடலின் காரத்தன்மையில் நிமிடக் கணக்கில் சிதையும். ரத்தத்துக்குள் ஏறுவதே அரிது. 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும், நோயாளிக்கும் டாக்டருக்கும் எது மருந்து என்று தெரியாமல் நடத்தும் கண்டிப்பான சோதனை எதிலும் அது தேறவில்லை என்றார்கள். அதே ஆண்டு அதே வட்டாரத்தினர், அசிட்டைல் ஒட்டும் என்சைம்களை அடக்குவதாகப் பெயரெடுத்த மூலக்கூறுகளை வரிசையாகச் சோதித்தார்கள். பெரும்பாலானவை சந்தேகத்துக்குரியவை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இது ஏதோ நிபுணர்களுக்குள் நடக்கும் வாய்ச்சண்டை அல்ல. ரசாயன கேட்டலாகில் 'பி300 தடுப்பான்' என்று அச்சடித்து விற்கும் குப்பியை ஒரு ஆராய்ச்சி மாணவர் வாங்குகிறார். செல்லில் ஊற்றுகிறார். செல் மாறுகிறது. பி300தான் காரணம் என்று எழுதுகிறார். மாற்றியது வேறு பத்துப் புரோட்டீன்களாக இருந்தால் அவருடைய நாலு வருடமும், அதை நம்பி மேற்கொண்டு வேலை செய்தவரின் நாலு வருடமும் வீண். அதற்கு அப்பால், 'விஞ்ஞானம் நிரூபித்தது' என்ற விளம்பரத்தோடு மஞ்சள் மாத்திரை விற்பவர் இருக்கிறார். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை விட்டுவிட்டு அதை வாங்கும் புற்றுநோயாளியும் இருக்கிறார். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்த விவகாரத்தில் எந்தப் பங்கும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் வந்தவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 2003ல் பி300ஐ அடக்கும், செல்லுக்குள் நுழையும் சின்ன மூலக்கூறு என்று வேறு என்ன இருந்தது? கற்கோடரி இல்லாமல் இரும்புக் கோடரி வரவில்லை. தவறு, இரும்பு வந்த பிறகும் கல்லைக் காட்டிக் கட்டுரை எழுதுவதில்தான். இரும்பு வந்துவிட்டது: 2017ல் அமெரிக்காவின் ஆப்வீ கம்பெனி வெளியிட்ட ஏ-485, பி300ஐயும் அதன் இரட்டையரான சிபிபியையும் மட்டும் குறிபார்த்து அடிப்பது. நல்ல கருவி எது, குப்பை எது என்று நிபுணர்கள் மதிப்பெண் போடும் 'கெமிக்கல் ப்ரோப்ஸ் போர்ட்டல்' 2015 முதல் இயங்குகிறது. சோதனைக் குழாயில் மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்ய வேண்டும், பக்கத்துப் புரோட்டீன்களை முப்பது மடங்காவது குறைவாகத் தொட வேண்டும், செல்லுக்குள் தன் இலக்கைப் பிடித்ததற்கு நேரடிச் சாட்சி வேண்டும் என்பவை பரவலாக ஏற்கப்பட்ட விதிகள். கூடவே, வேலை செய்யாத ஒரு இரட்டைப் பிறவியும். செல்லுக்குள் பிடித்ததற்குச் சாட்சி கேட்கும் அந்த இடத்தில்தான் இறாலின் விளக்கு தேவைப்படுகிறது.

கருவியே மருந்தாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜேக்யூ1 ரத்தத்தில் நிலைப்பதில்லை. அதன் வழியில் வந்த மருந்துகள் மனிதச் சோதனைகளில் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து டாக்டர்களைத் தயங்கவைத்தன. பிஆர்டி4 நல்ல செல்லுக்கும் தேவைப்படுகிறதே. 2015ல் பிராட்னர் குழு வேறு திசையில் போனது. ஜேக்யூ1உடன், கைகால் ஊனக் குழந்தைகளால் கெட்ட பெயரெடுத்த தாலிடோமைடின் உறவு மூலக்கூறு ஒன்றை முடிச்சுப்போட்டது. ஒரு முனை பிஆர்டி4ஐப் பிடிக்கும், மறுமுனை செல்லின் குப்பை அகற்றும் இலாகாவைக் கூட்டி வரும். குமாஸ்தாவுக்கு லீவு கொடுப்பதற்குப் பதில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

முந்திரி ஓட்டின் வாரிசுகளும் சும்மா இருக்கவில்லை. சிடிபிபியின் வழியில் வந்த டிடிகே21 என்ற மூலக்கூறைச் சர்க்கரைக் கரி உருண்டையில் ஏற்றினால் அது ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டுகிறது என்று, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகர விஞ்ஞானிகளுடன் சேர்ந்து குண்டு குழுவினர் 2013ல் எழுதினார்கள். அது கொடுக்கப்பட்ட எலிகளுக்கு மூளையில் புதிய நரம்பு செல்கள் முதிர்வது கூடியது. நினைவு நீடித்தது. 2019ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சிமோன் டி ஜியோவன்னி குழு, தண்டுவடம் காயம்பட்ட எலிகளுக்குச் சில மணி நேரத்துக்குள் இதைக் கொடுக்கத் தொடங்கியபோது அறுந்த நரம்புகள் வளர்ந்தன, உணர்வும் அசைவும் ஓரளவு திரும்பின.

ஆனால் ஆஸ்பத்திரிகளில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நேற்று விழுந்தவர்கள் அல்ல. பல மாதங்கள், வருடங்களுக்கு முன் மாடியிலிருந்தோ பைக்கிலிருந்தோ விழுந்தவர்கள். அதனால் 2022ல் அதே குழு, கடுமையான காயம்பட்டுப் பன்னிரண்டு வாரங்கள் ஆன சுண்டெலிகளுக்கு வாரம் ஒருமுறை டிடிகே21 கொடுத்துப் பார்த்தது. காயத்தைச் சுற்றி நரம்பிழைகள் கிளைத்தன. உணர்வு நரம்புகளும் இயக்க நரம்புகளும் வளர்ந்தன. எலிகளின் நடையில் முன்னேற்றம் இல்லை. வளர்ந்த இழைகளைச் சரியான இடத்தில் கோத்துவிட இன்னும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. மறுவாழ்வுப் பயிற்சியையும் வேறு சிகிச்சைகளையும் இதனுடன் சேர்த்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.